சூத்திரம் முதலிலா, எண்கள் முதலிலா?

புள்ளியியல் பாடம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? சராசரிக்கு ஒரு சூத்திரம், திட்ட விலக்கத்திற்கு ஒரு சூத்திரம், அவற்றில் எண்களைப் போட்டு விடை காணும் கணக்குகள். இவைதானே? இது ஒரு முறை. மாணவர்களே எண்களைத் திரட்டி, வரைபடம் வரைந்து, அது சொல்லும் செய்தியை விவாதித்து, பிறகு சூத்திரத்திற்கு வருவது இன்னொரு முறை. இரண்டாவதே சிறந்தது என்பது என் கருத்து.

காரணம் உண்டு. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியல் அறிஞர் 1973-இல் நான்கு எண் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 சோடி எண்கள். நான்கு தொகுதிகளிலும் சோடியின் முதல் எண்களுக்குச் சராசரி 9. இரண்டாம் எண்களுக்கு 7.5. ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ 0.82 தான். சூத்திரத்தை மட்டும் நம்புகிறவர், நான்கும் ஒரே மாதிரி என்றே சொல்வார். வரைபடத் தாளில் குறித்துப் பார்த்தால்? ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கிறது. ஒன்று வில்லாக வளைகிறது. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்க, ஒன்று மட்டும் தொலைவில் தனித்திருக்கிறது. சூத்திரம் மறைத்ததைக் கண் கண்டுவிட்டது!

கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சராசரியாக நூற்றுக்கு 34 பேர் தேறவில்லை. தாமே செய்தும் விவாதித்தும் கற்றவர்களில் தேறாதவர் 22 பேரே.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கெட்டிக்கார மாணவர்களே புதிய வகுப்பில் சேர்ந்திருந்தால், வெற்றி முறையினுடையதா, மாணவருடையதா? நல்ல கேள்வி! சீட்டுக் குலுக்கி மாணவர்களை இரு வகுப்புகளாகப் பிரிப்பதே நியாயமான ஒப்பீடு. மாணவர்களின் தகுதி சமமாக இருந்த ஆய்வுகளையும் அவர்கள் தனியே பார்த்தார்கள். அங்கும் பயன் குறையவில்லை. இப்படிச் சந்தேகிக்கக் கற்பதுதான் புள்ளியியல்.

சூத்திரமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது இல்லாமல் கண்ணும் ஏமாறும். அது பின்னால் வரட்டும் என்கிறேன்.

நாளைக்கே தொடங்கலாம். பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். முதலில் வரைபடம், பிறகு சராசரி. வெகு தொலைவிலிருந்து வரும் இரண்டொருவர் அந்தச் சராசரியை எவ்வளவு இழுத்துவிடுகிறார்கள் என்று நீங்களே பாருங்களேன்!