பெட்டி மூடியே இருக்கட்டும்

மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று கண்ணாடிப் பெட்டி. உள்ளே 1,000 வெள்ளி இருப்பது தெரிகிறது. மற்றது மூடிய பெட்டி. அதில் ஒரு மில்லியன் வெள்ளி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் என்றால் எல்லாரும் இரண்டையும் அள்ளிக்கொண்டு நடையைக் கட்டுவோம். ஆனால் பணம் வைத்தவர் லேசுப்பட்டவர் இல்லை. ஆளைப் பார்த்துக் கணிப்பதில் இதுவரை ஒருமுறைகூடத் தவறாதவர். நீங்கள் மூடியதை மட்டும் எடுப்பவர் என்று நேற்றே கணித்திருந்தால் மில்லியனை வைத்திருப்பார். இரண்டுக்கும் ஆசைப்படுபவர் என்று கணித்திருந்தால் காலியாக விட்டிருப்பார். கணித்தாயிற்று, மூடியாயிற்று, அவரும் போய்விட்டார். இப்போது உங்கள் கை எங்கே போகும்?

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த இயற்பியலாளர் வில்லியம் நியூகோம் 1960 வாக்கில் யோசித்த புதிர் இது. 1969-ல் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் இதைப் பற்றி எழுதினார். 1973-ல் மார்ட்டின் கார்ட்னர் தம் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ பத்தியில் போட்டார். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. 2020-ல் தத்துவ அறிஞர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் இரண்டையும் எடுப்போம் என்றவர்கள் 39 விழுக்காடு, ஒன்று போதும் என்றவர்கள் 31. மீதிப் பேர் பிடிகொடுக்கவில்லை. 2016-ல் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழ் தன் வாசகர்களிடம் கேட்டபோது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஒரு பெட்டிக் கட்சி.

நானும் அந்தக் கட்சிதான். என் அக்கா மகன் எதிர்க்கட்சி. சிங்கப்பூரில் எங்கள் காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலில் சாப்பாடு முடிந்து கை கழுவப் போகும்போது ஆரம்பித்தான். பிள்ளை ஒன்-நார்த் தொழில்நுட்ப வட்டாரத்தில் வேலைபார்க்கிறான். எந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் கணக்கை மூடுவார் என்று கணிக்கும் நிரலை எழுதுவதுதான் அவன் பிழைப்பு.

“பணம் இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. நான் இப்பக் கையை நீட்டுறதால உள்ள இருக்கிறது மாறிடுமா மாமா? ரெண்டையும் எடுத்தா எப்படியும் ஆயிரம் கூட.”

“நீ இப்படிப் பேசுற ஆளுன்னு அவனுக்கு நேத்தே தெரியும்டா. அதான் உனக்கு ஆயிரம், எனக்கு மில்லியன்.”

அவன் வாதத்தில் ஓட்டை கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணிக்கிறவர் பார்ப்பது கை நீட்டும் அந்த நிமிடத்தை அல்ல, அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் இத்தனை வருடப் பழக்கத்தை என்பது என் கட்சி. இதை வைத்துக்கொண்டு விடியவிடியப் பேசலாம். ஆனால் இந்தப் புதிரில் பலரும் பேசாமல் கடந்துபோகும் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணித்தவர் வாயைத் திறப்பதில்லை. என்ன கணித்தேன் என்று உங்களிடம் சொல்வதே இல்லை. சொல்லிவிட்டால் புதிர் அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

நம்மூர்க் கணிப்பாளர்கள் பேசுகிறவர்கள். இங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போகிறவர்களில் பலர் வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் போய் நாடி பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது. ரேகையை வாங்கிக்கொண்டு ஏட்டுக்கட்டை எடுத்துவந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள். நாம் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ன வயதில் நீ இங்கே வந்து உட்காருவாய் என்பதுகூட ஏட்டில் இருக்கிறதாம். சரி, இருக்கட்டும். அப்புறம் எதற்குப் பரிகாரம் சொல்லும் சாந்தி காண்டம்? ஏட்டை எழுதியதாகச் சொல்லப்படும் அகத்தியருக்கு எல்லாம் தெரியுமென்றால் நான் பரிகாரம் செய்வேனா மாட்டேனா என்பதும் தெரிந்திருக்குமே! பரிகாரம் பலித்தால் முதலில் படித்த பலன் பொய். பலன் மெய்யென்றால் பரிகாரத்துக்குக் கொடுத்த காசு வீண்.

சொல்லப்பட்ட கணிப்பை ஒருவர் உடைத்த கதையும் நம்மிடம் இருக்கிறது. சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன், மூத்தவன் இருக்க, இளையவனுக்கே அரியணை என்று சொல்லிவிடுகிறான். இளையவர் அப்போதே துறவு பூண்டு குணவாயில் கோட்டத்துக்குப் போய்விடுகிறார். நாடு மூத்தவரான செங்குட்டுவனுக்கு வருகிறது. சிலப்பதிகாரம் சொல்லும் இளங்கோவின் கதை இது. அறிவியல் புனைகதை எழுதிய ஐசக் அசிமோவும் நியூகோம் புதிருக்கு இதே மாதிரி வீம்பாகத்தான் பதில் சொன்னார்: என் சுயவிருப்பத்தைக் காட்டவே இரண்டையும் எடுப்பேன் என்றார். பாவம், அந்த வீம்பும் முன்பே கணிக்கப்பட்டிருக்கும். இளங்கோவுக்கு நிமித்திகன் சொன்னது காதில் விழுந்தது, அதனால் உடைக்க முடிந்தது. அசிமோவுக்கு அது கிடைக்காது.

இளங்கோ அரசன் மகன். காதில் விழுந்த கணிப்பை உதறிவிட்டுப் போக வசதியும் வைராக்கியமும் இருந்தன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு?

1979-ல் அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் குழு தந்த அறிக்கையை அடுத்து, இங்கே தொடக்கநிலை மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்தார்கள். படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் அப்போது மிக அதிகம். அதைக் குறைப்பதுதான் நோக்கம், குறையவும் செய்தது. அதை நான் மறுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை (நார்மல்) என்றானது. 1994-ல் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்தது. நான் கணிதம் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் வழக்கநிலை வகுப்புகளுக்கு. புதுப் பாடம் எதைத் தொடங்கினாலும் முதல் கேள்வி, “சார், இது எங்களுக்கும் உண்டா, இல்ல எக்ஸ்பிரஸ்காரங்களுக்கு மட்டுமா?” என்பதுதான். ஒரு பையன் நோட்டுப் புத்தக அட்டைகளில் வகுப்புப் பெயரிலிருந்த ‘என்’ என்ற எழுத்தை மட்டும் கறுப்பு மார்க்கரால் பூசி வைத்திருப்பான். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே எழுத்துதான், யாரிடமிருந்து மறைத்தான்? இருபடிச் சமன்பாட்டை என்னைவிட வேகமாகப் போடுவான் அவன். தேர்வில் கடைசிப் பக்கத்தைத் திருப்பமாட்டான். கடினமான கணக்குகள் அங்கே இருக்கும், அவை தனக்கானவை அல்ல என்று அவனுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. கணிப்பு பலித்தது என்று யாராவது புள்ளிவிவரம் காட்டினால் எனக்குச் சிரிப்புதான் வரும். பலிக்கவைத்ததே அதுதானே.

அரசாங்கத்துக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்கள் குவீன்ஸ்டவுனே சாட்சி. 2014 ஜூன் மாதத்தில் டங்ளின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் பகுதியில் 31 புளோக்குகள், 3,480 வீடுகள் செர்ஸ் மறுமேம்பாட்டுத் திட்டத்தில் இடிபடப் போகின்றன என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அறிவித்தது. அதற்கு முன்னால் காப்பிக்கடையில் ஆளுக்கொரு ஆரூடம். அந்த புளோக் போகும், இந்த புளோக் தப்பும் என்று. வீவக மட்டும் மூச்சுவிடவில்லை. முன்கூட்டிச் சொன்னால் விலை எகிறும், ஆட்கள் வந்து வாங்கிப் போடுவார்கள், கணக்கே மாறிவிடும். வீட்டு விலையில் இவ்வளவு நிதானம் காட்டத் தெரிந்த ஊருக்கு, நாற்பது வருடமாகப் பிள்ளைகள் விஷயத்தில் அது தோன்றவில்லை.

2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள் வந்திருக்கின்றன. கணிதத்தில் ஒன்று, தமிழில் வேறொன்று என்று எடுக்கலாம், இடையில் மாறவும் செய்யலாம். நல்ல மாற்றம். ஆனால் இப்போது வேறொரு கணிப்பாளர் வகுப்புக்குள் வந்திருக்கிறார். கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளத்தில் 2023 முதல் தொடக்கநிலைக் கணிதத்துக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி இருக்கிறது. பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்து அடுத்த கணக்கைத் தேர்ந்து தருகிறது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. நாற்பது பேர் வகுப்பில் நான் செய்ய ஆசைப்பட்டுச் செய்ய முடியாமல்போன வேலை அது.

தேர்ந்து தருவதோடு அது நிற்க வேண்டும். இந்தப் பிள்ளை நான்கு வருடம் கழித்து எந்தப் படியில் இருக்கும் என்று எந்த நிரலாவது கணித்தால், அது திரையில் வரக் கூடாது, பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கையிலும் வரக் கூடாது. இன்று பின்னக் கணக்கில் எத்தனை தப்பு என்று தாராளமாகச் சொல்லலாம். அது நடந்து முடிந்தது. அடுத்து என்ன ஆவான் என்பது யாரும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய தகவல் இல்லை. மறைப்பது ஏமாற்று ஆகாதா என்று மருமகன் கேட்கிறான். அவனுடைய வாடிக்கையாளருக்கு, “நீங்கள் அடுத்த மாதம் போய்விடுவீர்கள்” என்று அவன் நிறுவனம் கடிதம் போடுகிறதா என்ன? சத்தமில்லாமல் சலுகை அனுப்புகிறது. பிள்ளைக்கும் அதையே செய்யலாம்: கணிப்பை வைத்து உதவியை மட்டும் அனுப்பலாம்.

டியூஷன் நிலையக்காரர்கள் இதற்கு ஒத்துவரமாட்டார்கள், பெற்றோர்களும் கேட்டுக் குடைவார்கள் என்பது தெரிந்ததே. ஜி1, ஜி2, ஜி3 பிள்ளைகளின் முதல் தொகுதி 2027-ல் புதிய பொதுத்தேர்வை எழுதப்போகிறது. அதற்குள் அமைச்சு இதற்கு ஒரு விதியை எழுதி வைத்துவிடலாம்.