ஒரே சமையல், ரெண்டு பந்தி

லினக்ஸ்னு பேரைக் கேட்டதுமே "ஆரம்பிச்சுட்டான்யா"ன்னு ஓடுற மக்கள் கொஞ்சம் நில்லுங்க. இன்னிக்கு எந்தக் கட்டளையும் அடிக்கச் சொல்லப் போறதில்லை. ஒரு கம்பெனியும் ஒரு தன்னார்வலர் கூட்டமும் சேர்ந்து ஒரு இயங்குதளம் செய்றாங்க. அதுல ஒரு வடிவம் காசுக்கு, இன்னொண்ணு சும்மா. இந்த ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணுமா? இருந்தா யாருக்கு லாபம்? சாவி யார் கையில? இதான் விஷயம்.

முதல்ல, எதுக்கு ஒண்ணுபோல இருக்கணும்? ஒரு வங்கியோ ஆஸ்பத்திரியோ லினக்சைக் காசு குடுத்து வாங்குறது புதுசா ஏதாச்சும் வரும்னு இல்லை. எதுவும் மாறக்கூடாதுன்னுதான். பத்து வருஷத்துக்கு அடித்தளம் அசையக்கூடாது. அதே சமயம் பாதுகாப்பு ஓட்டைகளை அடைச்சுக்கிட்டே இருக்கணும். 2019 மே மாசம் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ஐ எடுத்துக்குங்க. அதோட கர்னல் எண் 4.18. வெளியுலகத்துல கர்னல் எங்கயோ போயிடுச்சு, இங்க மட்டும் எண் அதேதான். புதுக் கர்னல்ல வர்ற திருத்தத்தை வெட்டி எடுத்து, பழசோட அளவுக்குத் தைச்சு ஒட்டுறாங்க. இந்தத் தையல் வேலைக்குத்தான் அவங்க வாங்குற காசு. நியாயமான காசுதான்.

ஆனா அந்த வங்கியில நாளைக்கு வேலைக்குப் போற பையனும் பொண்ணும் எங்க கத்துக்குவாங்க? அந்த வங்கிக்கு மென்பொருள் எழுதிக் குடுக்குற நாலு பேர் கம்பெனி எதுல சோதிச்சுப் பார்க்கும்? அதே அடித்தளம் சும்மா கிடைச்சாத்தான் இதெல்லாம் நடக்கும். சும்மா பந்தியில சாப்பிட்டுப் பழகினவன்தான் நாளைக்கு காசுப் பந்திக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றான். இதை தர்ம காரியம்னு மட்டும் பார்க்கக் கூடாது, வியாபாரமும் இதுல இருக்கு.

இப்ப கொஞ்சம் வரலாறு. 2003 வரைக்கும் ரெட் ஹாட் லினக்ஸ்னு ஒண்ணு எல்லாருக்கும் கிடைச்சுக்கிட்டு இருந்தது. அதோட கடைசிப் பதிப்பு 9. அப்புறம் வீடு ரெண்டாச்சு. புதுசு புதுசா முயற்சி பண்ற ஃபெடோரா ஒரு பக்கம், காசு குடுத்து வாங்குற எண்டர்பிரைஸ் இன்னொரு பக்கம். நடுவுல ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை 2004-ல சென்ட்ஓஎஸ் வந்து நிரப்புச்சு. ரெட் ஹாட் வெளியிடுற மூல நிரலை எடுத்து, பேரையும் முத்திரையையும் நீக்கிட்டு, மறுபடி கட்டிக் குடுக்குற தன்னார்வலர் வேலை.

மறுபடி கட்டுறதுன்னா சும்மா இல்லை சாமி. ரெட் ஹாட் 6 வந்தது 2010 நவம்பர். சென்ட்ஓஎஸ் 6 வந்தது 2011 ஜூலை. எட்டு மாசம்! ஒரே நிரலை ரெண்டு கூட்டம் ரெண்டு தடவை கட்டி, ரெண்டு தடவை சோதிச்சு. இந்த இரட்டை உழைப்பு யாருக்கு லாபம்? யாருக்கும் இல்லை.

2014 ஜனவரியில ரெட் ஹாட்டே சென்ட்ஓஎஸ்ஸை அரவணைச்சுக்கிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. 2019 ஜூலையில ஐபிஎம், 34 பில்லியன் டாலர் குடுத்து ரெட் ஹாட்டை வாங்கி முடிச்சுது. அதே வருஷம் செப்டம்பர்ல சென்ட்ஓஎஸ் 8 வந்தது. 2029 மே வரைக்கும் பராமரிப்புன்னு சொல்லியிருந்தாங்க. அதை நம்பி ஊர் உலகமே மாறுச்சு. 2020 டிசம்பர் 8-ம் தேதி ஒரு அறிவிப்பு: சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8, 2021 டிசம்பர் 31-ஓட முடியுது. பத்து வருஷம்னு சொன்னது ரெண்டு வருஷம் சொச்சமா சுருங்கிப்போச்சு. கூத்து என்னன்னா, அதுக்கு மூத்த சென்ட்ஓஎஸ் 7 சொன்னபடி 2024 ஜூன் வரைக்கும் ஓடுச்சு. அண்ணன் இருக்க தம்பி போய்ச் சேர்ந்துட்டான்.

அதுக்குப் பதிலா வந்ததுதான் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம். ஃபெடோராவுல பிறக்குறது ஸ்ட்ரீமுக்கு வரும், அங்க இருந்து எண்டர்பிரைசுக்குப் போகும். நேர்மையாச் சொன்னா, பொறியியல் கணக்குல இது முன்னை விட நல்ல ஏற்பாடு. பழைய சென்ட்ஓஎஸ்ல ஒரு பிழையைக் கண்டுபிடிச்சா அங்க திருத்த முடியாது, ஏன்னா அது நகல். ஸ்ட்ரீம்ல வெளியாள் ஒரு திருத்தம் அனுப்பலாம், ஏத்துக்கிட்டா அது காசுப் பந்தி வரைக்கும் போகும். ஆனா ஜனங்க கேட்டது அசையாத அடித்தளம். கிடைச்சது ஓடுற ஆறு. கோபம் வராம என்ன செய்யும்?

ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ்னு ரெண்டு புதுசு 2021-ல கிளம்பி வந்தது. 2023 ஜூன்ல ரெட் ஹாட் அடுத்த கதவையும் சாத்துச்சு. இனிமே பொதுவுல கிடைக்குற மூல நிரல் ஸ்ட்ரீம் மட்டும்தான், எண்டர்பிரைசோட நிரல் வாடிக்கையாளருக்கு மட்டும்னுட்டாங்க. ஜிபிஎல் உரிமமும் யாருக்கு மென்பொருளைக் குடுக்குறியோ அவங்களுக்கு நிரலைக் குடுன்னுதான் சொல்லுது, ஊருக்கெல்லாம் குடுன்னு சொல்லலை. அதே வருஷம் அல்மா "அச்சு அசல் நகல்" ஆசையை விட்டுட்டு, செயலிகள் ஒத்துப்போனாப் போதும்னு பாதையை மாத்திக்கிச்சு.

இதுக்கு நேரெதிரா இன்னொரு வீடு இருக்கு, சூசே. நம்மூர் ஆளுங்களுக்குப் புதுசில்லை. எல்காட் 2000-களின் பிற்பாதியிலயே சூசே லினக்சுக்கு மாறின கதை பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அவங்களோட சமூக வடிவம் ஓப்பன்சூசே. 2015 நவம்பர்ல லீப் 42.1 வந்தப்ப, எண்டர்பிரைசோட மூல நிரலை அடித்தளமா வெச்சு, மேல சமூகத்தோட பொதிகளை அடுக்கினாங்க. 2021 ஜூன்ல வந்த லீப் 15.3-ல இன்னும் ஒரு படி மேல போய், நிரலை மறுபடி கட்டுறதையே விட்டுட்டு, எண்டர்பிரைசுக்குன்னு கட்டி சூசே கையெழுத்து போட்ட அதே பொதிகளை அப்படியே எடுத்து வெச்சாங்க. கவனிங்க, அதே செய்முறை இல்லை, அதே சோறு. எட்டு மாசக் காத்திருப்புங்கிற பேச்சுக்கே இடமில்லை. சும்மா பந்தியில உட்கார்ந்தவன் நாளைக்குக் காசு குடுக்கணும்னா இலையை எடுத்துக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போனாப் போதும். சமூகம் கட்டுற பொதிகளும் பேக்கேஜ் ஹப் வழியா காசு குடுத்தவங்களுக்குப் போகுது. போக்கும் வரத்தும் ரெண்டும் உண்டு.

அப்ப சூசேக்கு ஜே போட்டுட்டுப் போயிடலாமா? அவசரப்படாதீங்க.

ஒரே சோறுன்னா ஒரே சமையல்காரர். கம்பெனியோட எண்டர்பிரைஸ் மேசைக்கணினியில குனோம்தான். கேடிஈ பார்த்துக்கிறது சமூகம். ஆனா கேடிஈ நிக்கிற க்யூட்டி நூலகம் கம்பெனி அடித்தளத்துல இருந்தது. அது நகரலைன்னா இது நகராது. 15.2-ல இருந்த பிளாஸ்மா 5.18-தான் 15.3-லயும். ஒத்துப்போறதுன்னா சில சமயம் சமூகம் மட்டும் காத்திருக்கிறதுன்னு அர்த்தமாயிடுது.

அதைவிடப் பெரிசு எதிர்காலம். 2022-ல சூசே தன்னோட அடுத்த தலைமுறைத் தளத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும், லீப் இருக்குமா இருக்காதான்னே தெரியாமப் போச்சு. 15.5 கடைசின்னாங்க, அப்புறம் 15.6 உண்டுன்னாங்க, 2024 ஜனவரியிலதான் லீப் 16 வரும்னு உறுதி சொன்னாங்க. 2025 அக்டோபர்ல அது வந்தும் சேர்ந்துச்சு. நல்லதுதான். ஆனா நடுவுல அந்தக் காலம் முழுக்க தன்னார்வலர்கள் அந்தரத்துல தொங்கினாங்களே? போதாக்குறைக்கு 2024 ஜூலையில, திட்டத்தோட பேர்ல இருந்து "சூசே"வை எடுத்துடுங்கன்னு கம்பெனி கேட்டுக்கிச்சு. சோறு ஒண்ணா இருக்கலாமாம், பேரு மட்டும் ஒண்ணா இருக்கக் கூடாதாம்!

"சும்மா கிடைக்கிற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பார்க்குறியா?"ன்னு சிலர் கேப்பீங்க. இது சும்மா கிடைச்ச மாடு இல்லைங்க. பிழை கண்டுபிடிச்சுச் சொன்னது யாரு? ஆணி புடுங்கிட்டு ராத்திரி வந்து பொதி கட்டினது யாரு? இதையே கத்துக்கிட்டு ஆபீஸ்ல "இதை வாங்குங்க"ன்னு சிபாரிசு பண்ணினது யாரு? காசாக் குடுக்கலை, உழைப்பாக் குடுத்தாங்க. மறுபக்கம், எதுவும் திருப்பிக் குடுக்காம நகலெடுத்து விக்கிறவங்க மேல கம்பெனிக்கு இருக்கிற கடுப்பையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். பத்து வருஷம் ஒட்டுத் தையல் போடுறவனுக்குச் சம்பளம் யாராச்சும் குடுத்தாகணும்.

என் கட்சி இதான். பொதிகள் ஒண்ணா இருக்கிறது நல்லது. ஆனா அது மட்டும் ஒத்துப்போறது ஆகாது. மூணு விஷயம் வேணும். ஒண்ணு, ஒரு பதிப்பு இந்தத் தேதி வரைக்கும்னு சொன்னா, அந்தத் தேதியை நீட்டலாம், குறைக்கக் கூடாது. ரெண்டு, எந்தத் திருத்தமும் முதல்ல எல்லாரும் பார்க்கிற இடத்துல விழணும். சூசேயில இதுக்குன்னே, முதல்ல ஃபேக்டரிக்குப் போகட்டும்னு ஒரு விதி வெச்சிருக்காங்க, நல்ல பழக்கம். மூணு, அடித்தளத்துல ஒரு பொதியை மாத்தணும்னு வெளியாள் கேட்டா, "ஆகும்", "ஆகாது", ஏன்கிறதை எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் வரணும். இந்த மூணுல முதலாவதை மீறினதுதான் சென்ட்ஓஎஸ் 8 கதை. அங்க நிரல்ல குத்தமே இல்லை, வாக்குதான் தவறிப்போச்சு.

அதனால சின்னதா சர்வர் வெச்சு ஓட்டுற மக்கா, அடுத்த தடவை ஒரு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு வேகம், எவ்வளவு அழகுன்னு பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. முடிவுத் தேதியை யார் சொல்றாங்க, அதை மாத்த யாருக்கு அதிகாரம் இருக்கு, மாத்தினா நீங்க பக்கத்து இலைக்குத் தாவ எத்தனை நாள் ஆகும்னு ஒரு காகிதத்துல எழுதிப் பாருங்க. மூணாவது கேள்விக்கு ஒரு மாசத்துக்கு மேல பதில் வந்தா, இப்பவே ஒரு பழைய டப்பாவுல ஒத்திகை ஆரம்பிச்சுடுங்க.

ரெட் ஹாட் செஞ்சதுதான் சரின்னு வாதாட யாராச்சும் இருந்தா வாங்க, உட்கார்ந்து பேசுவோம். சண்டைக்கு நான் ரெடி.