நூலின் நட்பும் திரையின் நட்பும்

நாவலொன்று திரைப்படமாகும்போது பக்கங்கள் சுருங்குவதும் சில பாத்திரங்கள் மறைவதும் இயல்பே. அதனை யாரும் குறை கூறார். ஆயின் கதைக்கு உயிர்நிலையாகிய பண்பே மாறுமிடத்து, அதனை எடுத்துரைத்தல் இலக்கியங் கற்பிப்போர் கடனாகும்.

பேராசிரியர் டோல்கீன் எழுதிய ‘லோட் ஒஃப் த றிங்ஸ்’ என்னும் மாயக்கதை நாவல் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. நம் மாணவருட் பலர் அதனைப் பீற்றர் ஜாக்சனின் திரைப்படங்கள் வாயிலாகவே அறிவர். தீய மோதிரமொன்றை எரிமலையில் இட்டு அழிக்கப் பிரோடோ புறப்படுகின்றான். அவனுடைய தோட்டக்காரனாகிய சாம் உடன் செல்கின்றான். அம்மோதிரத்தை முன்னர் வைத்திருந்து இழந்த கொல்லம் என்பான் இருவர்க்கும் வழிகாட்டியாகின்றான்.

2003 இல் வெளிவந்து 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற மூன்றாம் படத்திலே, கொல்லம் உணவை மலையிலிருந்து எறிந்துவிட்டுப் பழியைச் சாமின்மேற் சுமத்துகின்றான். பிரோடோ அதனை நம்பி, சாமை வீடு திரும்புமாறு கூறித் துரத்திவிடுகின்றான். நாவலில் இந்நிகழ்ச்சி இல்லை. அங்கு இருவரும் மலைப்படிகளில் ஒருங்கே ஏறி, ஒருங்கே குகையினுட் புகுகின்றனர்.

மோதிரத்தின் நஞ்சு பிரோடோவின் மனத்தை அரித்தலைக் கண்ணுக்குக் காட்ட இம்மாற்றம் வேண்டியதே எனப் படத்தை ஆதரிப்போர் கூறுவர். ஆனால் நாவலாசிரியரும் அதனைக் காட்டாது விட்டாரல்லர். மோதிரச் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சாம் முன்வரும்போது பிரோடோ அவனைக் கள்வன் என்று வைகின்றான்; உடனே தன்னிலையுணர்ந்து மன்னிப்பும் வேண்டுகின்றான். நஞ்சு உள்ளே புகுந்தது, நட்பு முறியவில்லை. நண்பன்மேற் பிறர் கூறும் குற்றத்தைக் காதிற் கொள்ளாமை பழகிய நட்பின் இலக்கணமெனப் ‘பழைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். நாவலின் பிரோடோ அவ்விலக்கணத்துள் நிற்பான். படத்தின் பிரோடோ நில்லான்.

படம் இழந்தது பிறிதொன்றும் உண்டு. நாவலில், உறங்கும் இருவரையுங் கண்டு கொல்லத்தின் நெஞ்சு நெகிழ்கின்றது. அவன் பிரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகின்றான். விழித்தெழுந்த சாம் கடுஞ்சொல்லால் அவனைச் சாடவே, திருந்தும் அத்தருணம் நழுவிப்போகின்றது. ஒருவன்மேற் கொண்ட பேரன்பு மற்றொருவனிடத்து நம்மைக் கொடியராக்கவும் கூடும். வஞ்சகன் சூழ்ச்சியாற் பிரியும் நண்பரைப் பல கதைகளிற் காணலாம். இவ்வுண்மையைக் கூறும் கதைகளோ மிகச் சிலவே.

டோல்கீன் பேமிங்காம் நகரில் எட்வேட் மன்னர் பாடசாலையிற் பயின்றவர். அங்கு அவருக்கு வாய்த்த நெருங்கிய தோழர் மூவருள் இருவர் 1916 இல் முதலாம் உலகப் போரில் மடிந்தனர். அவரும் அவ்வாண்டிற் போர்க்களத்தில் நின்றவரே. ஒரே பாடசாலையில் உடன்பயின்றாரை இழந்தவர் எழுதிய நட்பு, பரபரப்புக்காக அறுத்து ஒட்டத்தக்கதன்று என்பது என் துணிபு.

படத்தைக் காணவேண்டாம் என்று யான் கூறவில்லை. எரிமலைச் சரிவிலே சாம் பிரோடோவை முதுகிற் சுமந்தேறும் காட்சி நூலுக்கு இழுக்காகாது. ஆயினும், ‘படம் பார்த்தோம், இனி நூல் எதற்கு?’ எனக் கேட்கும் மாணவர்க்கும், பழைய தோழரைத் தேடி இவ்விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே: நூலையும் எடுத்துப் படியுங்கள். துரத்தப்படாத சாமை அங்கே காண்பீர்கள்.