மரத்துப்போன காலும் மஜ்ஜையும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

செருப்பு கழன்றது தெரியாமல் ஒருவர் நாலடி நடந்துவிட்டால் தமிழ்நாட்டில் முதலில் பார்க்கப்படுவது சர்க்கரை. பெரும்பாலும் காரணமும் அதுதான். சர்க்கரை, பி12 குறைபாடு, தொழுநோய் எதுவும் இல்லை என்றான பிறகும் மரப்பு பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறினால், எலும்பு மஜ்ஜையையும் சந்தேகிக்க வேண்டும்.

மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் நோய் எதிர்ப்புப் புரதங்களைச் செய்பவை. அவற்றில் ஒரே வம்சம் மட்டும் பெருகும்போது, ஒரே அச்சில் வார்த்த புரதம் இரத்தத்தில் சேர்கிறது. எம் புரதம் என்பது இதுதான். வயதானவர்கள் பலரிடம் இது தொல்லை தராமலே இருப்பதால், கண்டதும் பழியை அதன்மேல் போட்டுவிடவும் கூடாது. சிலரிடம் இது நரம்பின் மயலின் உறையைத் தாக்கித் தள்ளாட்டமும் கைநடுக்கமும் தரும். அமிலாய்டாகப் படிந்தால் பாதம் எரியும், எழுந்து நின்றால் தலை சுற்றும்.

எம் புரதத்தோடு வரும் நோய்களில் அதிகம் கோட்டைவிடப்படுவது போயம்ஸ் (POEMS). 1980இல் அறிகுறிகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். கவிதை பெயரோடு சரி. நரம்புக் கடத்தல் சோதனையில் இது சி.ஐ.டி.பி. என்ற நாட்பட்ட நரம்பு அழற்சி போலவே தெரியும். முதுகுத்தண்டு நீரிலும் அதேபோலப் புரதம் கூடியிருக்கும். எனவே சி.ஐ.டி.பி.க்குத் தரும் விலையுயர்ந்த ஐ.வி.ஐ.ஜி. (சிரைவழி எதிர்ப்புப் புரதம்) ஏற்றப்படுகிறது. போயம்ஸுக்கு அது பயன்படாது. கோலூன்றி வந்தவர் சக்கர நாற்காலிக்குப் போய்விடுகிறார். தடயங்கள் உடம்பிலேயே இருக்கும்: கறுத்துவரும் தோல், வெளுத்த நகம், வீங்கிய கால், கூடிய தட்டணுக்கள். எம் புரதம் மிகக் குறைவாக இருப்பதால் இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் மட்டும் செய்தால் தப்பிவிடும், அதைவிட நுட்பமான இம்யூனோஃபிக்சேஷனும் வேண்டும். அதில் அகப்படும் புரதத்தின் லைட் செயின் எனும் சிறு சங்கிலி அநேகமாக எப்போதும் லாம்டா வகை. இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். அளவு கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். எலும்பில் ஓரிரு இடத்தில் மட்டும் நோய் இருந்தால் கதிர்வீச்சு போதும். பரவியிருந்தால் லெனலிடோமைடும் டெக்ஸாமெத்தசோனும், அல்லது நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே திருப்பி ஏற்றும் சிகிச்சை. நரம்பு தேற இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். படுத்தவர்கள் எழுந்து நடந்ததுண்டு.

கை மெலிந்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் வருபவருக்கு இயக்க நரம்பணு நோய் என்று எழுதப்படுவது இன்னொரு சிக்கல். அந்த நோயாளிகள் சிலரிடமும் எம் புரதம் உண்டு. அதுதான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அதே தோற்றத்தில் வரும் பலகுவிய இயக்க நரம்பு நோய் வேறு. அதில் ஜி.எம்.1 எதிர்ப்புப் புரதம் பலரிடம் காணப்படும், அங்கே ஐ.வி.ஐ.ஜி. நன்றாகவே வேலை செய்யும்.

காரணம் தெரியாத நரம்புப் பாதிப்பு எதற்கும், சி.ஐ.டி.பி. என்று எழுதுமுன் சீரம் இம்யூனோஃபிக்சேஷனும் லைட் செயின் அளவும் பார்க்கப்பட வேண்டும் என்று துறை அரசு மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் மருந்து கொடுக்கும் வீட்டில், சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் மரப்பு மாதாமாதம் மேலேறுவதாக ஒருவர் சொன்னால், அவரை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பும்படியும் அதில் ஒரு வரி சேர்க்கலாம்.