அடிப்பிடித்ததில்தான் ருசி!

இங்கிலீஷ் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ கத்தியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்து ஸ்டேக் சாப்பிடுவார். அதன் மேல் வழவழவென்று ஒரு வெள்ளை சாஸ். 'அதெல்லாம் நமக்கெங்கே சார்... மெஸ்ஸுல ரசம் சூடா கிடைச்சாலே பெரிய விஷயம்' என்று அலுத்துக்கொள்ளும் சிதம்பரத்து பிரம்மச்சாரிகளுக்காக இந்த வாரம்.

ஸ்டேக் என்றால் மாட்டிறைச்சிதான் என்றில்லை. மீனைக் குறுக்கே கனமாக வெட்டினால் அதற்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான். பரங்கிப்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கென்ன குறை? 'வஞ்சிரம், ஒரு விரல் கனத்துல ரெண்டு துண்டு' என்று கேளுங்கள். விலையைக் கேட்டதும் லேசாக மயக்கம் வரும். பரவாயில்லை, சம்பள நாளில் மட்டும்!

பாத்திரம்? இரும்பு வாணலி. தோசைக்கல் வேண்டாம், சாஸ் அடுப்பில் இறங்கிவிடும். நான்ஸ்டிக்கும் வேண்டாம். ஒட்டவே ஒட்டாதது அதன் பெருமை. நமக்கோ கொஞ்சம் ஒட்ட வேண்டும். இரும்பு நமக்குப் புதுசா என்ன? 1830-லேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலை போய்விட்டது; வாணலி இருக்கிறது.

மீனை ஈரம் போகத் துணியால் ஒற்றுங்கள். இதுதான் பாதி வித்தை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மீன் பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். ஈரம் இருந்தால் மீன் வறுபடாது, வேகும். இந்தச் சிவத்தலின் ரசாயனத்தை 1912-ல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர்.

உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி, காய்ந்த எண்ணெயில் போடுங்கள். மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கரண்டியால் நோண்டினால் மீன் பிய்ந்து புட்டாகிவிடும். சிவந்தால் தானே விடும். திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். எடுத்துத் தட்டில் வையுங்கள்.

இப்போது வாணலியைப் பாருங்கள். அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. 'ஐயையோ, அடிப்பிடிச்சிடுச்சு!' என்று குழாயடிக்கு ஓடாதீர்கள். கறுப்பென்றால் கசக்கும், கழுவிவிடலாம். பழுப்பென்றால் அதுதான் புதையல். எண்ணெயைக் கொஞ்சம் இறுத்துவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் நறுக்கிப் போட்டு வதக்குங்கள். கால் டம்ளர் தண்ணீர் விட்டு, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். அத்தனை பழுப்பும் கரைந்து வரும். தண்ணீர் பாதியாக வற்றியதும் தீயைக் குறைத்து, அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால். தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். ஓரத்தில் லேசாக நுரை கட்டியதும் அடுப்பை அணைத்து, தட்டிய மிளகு, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. மீன் மேல் ஊற்றுங்கள். முடிந்தது ஸ்டேக்!

சைவக்காரர்கள் கோபிக்க வேண்டாம். கொத்சுவுக்குப் பேர்போன ஊரில் கத்தரிக்காய்க்கா பஞ்சம்? கனமான வட்டமாக வெட்டி இதே மாதிரி செய்யலாம்.

இந்தச் சுரண்டும் வித்தை வெள்ளைக்காரனுக்கு மட்டும் தெரிந்ததல்ல. மீன் வறுத்த சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி, எல்லோரும் எழுந்த பிறகு சாப்பிட உட்காருவாரே அம்மா... அதேதான் இது. ருசி தெரிந்து சட்டியை வைத்துக்கொண்டாரா, துண்டு மிச்சமில்லை என்பதாலா? எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்கள் வறுங்கள். முதல் துண்டும் சாஸும் அம்மாவுக்கு. சட்டிச் சோறு உங்களுக்கு.

சட்டி கழுவுவதும் நீங்கள்தான், சார்!