ஆங்கிலத்திற்குப் பன்னிரண்டு காலங்கள் இல்லை

இந்தியப் பள்ளிகளில் ஆங்கில வினை என்றாலே கரும்பலகையில் எழும்புவது ஒரு கட்டம்தான். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம், ஒவ்வொன்றின் கீழும் நான்கு பிரிவுகள், ஆகப் பன்னிரண்டு. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூல் முதல் இன்றைய போட்டித் தேர்வுக் கையேடுகள் வரை இதே கட்டம் தொடர்கிறது. இது வினையின் வடிவத்தையும் அது சுட்டும் பொருளையும் ஒன்றெனக் காட்டி மாணவரைக் குழப்புகிறது என்பதே என் கருத்து.

முதலில் வடிவம். 'ரைட்' என்னும் வினைக்கு ஐந்து வடிவங்களே உண்டு: ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங். 'கட்' என்பதற்கு மூன்றே: கட், கட்ஸ், கட்டிங். மிகுதியான வடிவங்களையுடைய 'பி' என்னும் வினைக்கும் எட்டுதான். இவற்றில் காலவேறுபாடு நிகழ்வு, இறப்பு என இரண்டே. 'வருவான்' என்பதில் வகர இடைநிலை எதிர்காலம் காட்டுகிறது. ஆங்கில வினைக்குள் அத்தகைய உறுப்பு இல்லை. 'வில்' என்பது 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகியவற்றின் இனமான துணைவினை. 1985இல் வந்த குவெர்க் குழுவினரின் பேரிலக்கணமும், 2002இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் கேம்பிரிட்ஜ் இலக்கணமும் இக்கருத்தையே கொண்டுள்ளன.

அடுத்துப் பொருள். 'தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ' என்பதில் நிகழ்கால வடிவம் நாளைய நிகழ்வைச் சொல்கிறது. 'இஃப் ஐ நியூ ஹிஸ் அட்ரஸ்' என்பதில் இறந்தகால வடிவம் இப்போதைய அறியாமையைச் சொல்கிறது. 'ஹி வில் பி அட் ஹோம் நவ்' என்பதோ இந்நேரத்தைப் பற்றிய ஊகம். கட்டத்தை நம்பிய மாணவருக்கு இவை மூன்றும் புதிர்கள். தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு அப்படியல்ல. 'நாளை ஊருக்குப் போகிறேன்' என்பது போன்ற வழக்குகளைக் கால வழுவமைதி என்று நம் இலக்கணிகள் எப்போதோ வகுத்துவிட்டனர்.

'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். நிஸ்ஸிம் எசக்கியேல் இத்தகைய இந்திய ஆங்கிலத்தை வைத்தே மிஸ் புஷ்பாவின் பிரிவுபசாரக் கவிதையை எழுதினார்; அன்று முதல் அது வகுப்பறைச் சிரிப்பாகவே வாழ்கிறது. ஆனால் இத்தொடர் எங்கிருந்து வருகிறது? 'தினமும் பால் குடிக்கிறான்', 'அதோ பால் குடிக்கிறான்' இரண்டிற்கும் தமிழில் ஒரே வடிவம் போதும். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. மேலும் அறிதல், உடைமை போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகளைத் தொடர்வினையாக ஆள்வதைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. கட்டத்தில் இதற்கு இடமில்லை. நூல்கள் விதிவிலக்குப் பட்டியலாகப் பின்னால் சேர்க்கின்றன. 'இங்' சேர்த்தால் இப்போது நிகழ்வது என்று கற்றவர், கற்றபடியே பேசுகிறார். விதியைப் பின்பற்றியதற்காகவே அவர் நகைப்புக்கு ஆளாகிறார்.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைகள். நேர்முகத் தேர்வில் ஒரு வினைவடிவம் பிசகினால், அறிவே பிசகியதாக மதிப்பிடப்படுகிறார்கள்.

தேர்வுக்குக் கட்டம் தேவை என்பார்கள். இருக்கட்டும், ஆனால் அது தொடக்கமாக வேண்டாம். முதலில் ஐந்து வடிவங்கள், பிறகு துணைவினைகள், அதன்பின் ஒவ்வொரு வடிவமும் எந்தெந்தப் பொருளுக்கு உதவுகிறது என்னும் விளக்கம், தாய்மொழியோடு ஒப்பிட்டு. பன்னிரண்டு பெயர்களைக் கடைசியில் ஒரே வகுப்பில் சொல்லிவிடலாம். ஆசிரிய நண்பர்கள் ஒரு பருவம் இவ்வரிசையில் நடத்திப் பார்த்து, கண்டதை இங்கே எழுத வேண்டுகிறேன்.