சபையின் ஏடும் தாயின் எண்ணும்



நம் சபையின் அடக்கப் பதிவேட்டில் பெயரில்லாத ஒரு வரி உண்டு. அக்குழந்தையைக் குறித்த எழுத்து ஞானஸ்நான ஏட்டில் இல்லை. தாயின் அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

அந்தச் சகோதரி தலைப்பிரசவத்திற்காகப் புகுந்த ஊரிலிருந்து தாய்வீட்டிற்கு வந்தார். வளையல், புடவை, பலகாரம் யாவும் வந்தன. பரிசோதனை அட்டை மட்டும் அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதில் அடுத்தடுத்த இரு மாதங்களில் இரத்த அழுத்தம் ஏறிவந்தது எழுதப்பட்டிருந்தது. இங்கே பார்த்தவர்களோ, பயணக் களைப்பென்று எண்ணினார்கள். ஒருமுறை அளந்த அளவு தனித்து நின்றால் அதிகம் சொல்லாது. முந்தைய அளவுகளின் அருகே வைத்தால்தான் அது எச்சரிக்கையாகிறது. எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்தது. தேவகிருபையால் தாய் பிழைத்தார்.

அன்பானவர்களே, மருத்துவர்களைக் குற்றஞ்சாட்ட நான் இதை எழுதவில்லை. தெரிந்த செய்தி ஓர் ஊரிலும், அது தேவைப்பட்ட பெண் வேறோர் ஊரிலும் இருந்ததே என் துக்கம்.

ஏடு எழுதுவது நம்மைப் போன்ற போதகர்களுக்குப் புதியதன்று. சுவீடன் தேசத்தில் 1749-ஆம் ஆண்டு முதல் சபைக் குருமார் தங்கள் ஊரின் பிறப்பையும் இறப்பையும், இறப்பின் காரணத்தையும் அட்டவணையாக எழுதி அரசுக்கு அனுப்பினார்கள். ஒரு சபையின் ஏட்டில் ஒன்றிரண்டு தாய்மார் மரித்திருப்பர்; அதைக் கர்த்தரின் சித்தம் என்று சொல்லி மூடிவிடலாம். எல்லா ஏடுகளும் ஒன்றுசேர்ந்தபோது அப்படிச் சொல்ல இயலவில்லை. பிள்ளைப்பேற்றில் மரித்த 651 பெண்களில் குறைந்தது 400 பேர், போதிய மருத்துவச்சிகள் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று 1751-இல் அந்நாட்டின் சுகாதார ஆணையம் அறிவித்தது. பின்னர்ப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஊர்தோறும் அனுப்பப்பட்டார்கள். 1 லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 900 ஆக இருந்த தாய் மரணம், 1900-ஆம் ஆண்டளவில் 230 ஆகக் குறைந்தது. அக்குருமார் பெரும்பாலும் மருத்துவரல்லர். நானோ, இருபது ஆண்டுகளாக இரு ஏடுகளிலும் எழுதியும் அவற்றை ஒருமுறையேனும் அருகருகே வைத்துப் படித்ததில்லை.

நம் மாநிலத்திலும் இப்பணி நடைபெறுகிறது. கர்ப்பிணியின் விவரங்களைச் சுகாதாரச் செவிலியர் பதிந்து 12 இலக்க எண் ஒன்று தருகிறார். பிறப்புச் சான்றிதழுக்கு அவ்வெண் வேண்டும் என்பதனால், பலர் அதைச் சான்றிதழுக்கான சீட்டென்றே எண்ணுகிறார்கள். அதன் மெய்யான பயன், நீங்கள் எங்குச் சென்றாலும் உங்கள் வரலாறு உங்களோடு வரக்கூடும் என்பதே. ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராய்ந்து எங்கே தவறியது என்று கேட்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. 2018–20 கணக்கின்படி இந்தியாவில் 1 லட்சம் பிறப்புகளுக்கு 97 தாய்மார் மரித்தனர், தமிழ்நாட்டில் 54. ஒரே காரணத்தால் வந்த பலனென்று சொல்லமாட்டேன். எண்ணிப் பார்க்காத இடத்தில் இது நேர்ந்திராது என்று மட்டும் சொல்வேன்.

சிலர் என்னிடம், "ஐயரே, தாவீது ஜனங்களை எண்ணியது பாவமல்லவா?" என்கிறார்கள். தன் சேனையின் பெருமைக்காக எண்ணுவது வேறு. நூறு என்று மேய்ப்பன் எண்ணி வைத்திருந்ததனாலன்றோ ஒன்று குறைந்ததை அறிந்து தேடிப் போனான்! சிலர் முந்தைய கருச்சிதைவைச் செவிலியரிடம் மறைக்கிறார்கள், மாமியார் அருகிலிருப்பதால். சர்க்கரை உண்டென்று சொல்வது அவிசுவாசம் என்போரும் நம்மிடையே உண்டு. இவர்களோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன்.

ஆனால் மற்றொரு பயம் நியாயமானது. எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மணமாகாத தாய்மை ஆகியவை வெளியே தெரிந்தால் ஒரு பெண்ணின் வாழ்வே சிதைந்துபோகும். பிணிகள் பற்றிய எண்ணிக்கைகளை ஆராய்வோருக்குப் பெயரோ முகவரியோ தேவையில்லை. சிகிச்சை அளிப்பவருக்கே முழு வரலாறும் வேண்டும். இந்த வேறுபாட்டை அரசும் மருத்துவமனைகளும் உறுதியாகக் காக்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. கேட்குமுன் நம் வீட்டைச் சரிசெய்வோம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பெண்களின் ஸ்கேன் முடிவுகளை நாம் வாட்ஸ்அப் குழுவில் பரப்பியிருக்கிறோம்; நானும் ஒருமுறை பலிபீடத்திலிருந்து அறிவித்து, ஒரு சகோதரியைத் தலைகுனிய வைத்தேன். இனி, சம்மதமின்றி எவருடைய நோயும் நம் ஆலயத்தில் வாசிக்கப்படாது.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின், நம் சபையின் செவிலியர் சகோதரிகள் இருவர் பெண்கள் ஐக்கிய அறையில் இருப்பார்கள். கர்ப்பவதிகள் தங்கள் அட்டையையும் கைபேசியையும் கொண்டுவாருங்கள். எண் பதிவாகியுள்ளதா என்று பார்த்து, அட்டையின் எல்லாப் பக்கங்களையும் உங்கள் கைபேசியிலேயே படமெடுத்துத் தருவார்கள். பிரதி எதுவும் சபையில் வைக்கப்படாது. மாமியார்களும் கணவர்களும் வெளியே தேநீர் அருந்தலாம்.

அந்தச் சகோதரி மீண்டும் கருவுற்றிருக்கிறார். ஐந்தாம் மாதம். அட்டையை வேதாகமத்தின் உறைக்குள் வைத்துக்கொண்டு ஆலயத்திற்கு வருகிறார்.